பிஷப் பதவி: ஆவணங்கள் சொல்வது என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிஷப் பதவியின் தொடக்கம் பற்றித் தங்கள் நாளிதழில் நடக்கும் விவாதத்தைப் படித்துவருகிறேன். அப்போஸ்தலர்களே ஊருக்கு ஒரு பிஷப்பை நியமித்தார்கள் என்கிறார் ஒருவர். 325-இல் பிஷப்புகள் கூடிய நிசேயா பொதுச்சங்கம் உண்டாக்கிய பதவி என்கிறார் இன்னொருவர். கிடைத்திருக்கும் ஆவணங்கள் இரண்டுக்குமே இடம் தரவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில், பவுல் மிலேத்துவுக்கு வரவழைப்பது எபேசு சபையின் மூப்பர்களை. அவர்களையே 28-ஆம் வசனத்தில் கண்காணிகள் என்கிறார்; இதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் ‘பிஷப்’ என்ற சொல் வந்தது. பிலிப்பியர் நிருபமும் கண்காணிகளைப் பன்மையில்தான் வாழ்த்துகிறது. ஏறக்குறைய 96-இல் ரோமாபுரியிலிருந்து கொரிந்துவுக்குப் போன கிளமெந்து நிருபத்தில் எழுதியவர் பெயரே கிடையாது; சபை எழுதுவதாகவே தொடங்குகிறது.

2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியா பிஷப் இக்னாசியுஸ் பல சபைகளுக்குக் கடிதம் எழுதுகிறார். ஒரு பிஷப், அவரோடு மூப்பர் குழு, உதவிக்காரர்கள் என்ற அமைப்பு அவர் கடிதங்களில் தெளிவாகத் தெரிகிறது. எபேசுவுக்கு ஒநேசிமு, மக்னேசியாவுக்குத் தாமாஸ் என்று பெயரே சொல்கிறார். ஆனால் ரோமாபுரிக்கு எழுதியதில் அந்த ஊர் பிஷப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் காலத்து ஸ்மிர்னா பிஷப் பொலிகார்ப் பிலிப்பி சபைக்கு எழுதியதிலும் மூப்பர்களும் உதவிக்காரர்களும்தான். சின்ன ஆசியாவில் முதலில் வேரூன்றிய முறை மற்ற ஊர்களுக்கு வெவ்வேறு காலத்தில் போய்ச் சேர்ந்தது என்பதே சரியாகப் படுகிறது.

இக்னாசியுஸை மேற்கோள் காட்டுவோருக்கு ஒரு எச்சரிக்கை. அவர் கடிதங்களின் நீண்ட வடிவம் 4-ஆம் நூற்றாண்டில் இடைச்செருகல்களும் போலிக் கடிதங்களும் சேர்த்து உருவானது. 7 கடிதங்கள் மட்டும் உள்ள நடு வடிவத்திலிருந்து எடுத்தால்தான் வாதம் நிற்கும். அதேபோல், லியோன் பிஷப் ஐரேனியுஸ் 180 வாக்கில் தரும் ரோமாபுரி பிஷப்புகளின் பட்டியலை நிர்வாகப் பதிவேடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரகசியப் போதனை தங்களிடம் உண்டு என்ற ஞானவாதிகளுக்கு (Gnostics) எதிராக, அப்போஸ்தலரின் போதனை ஊரறியக் கைமாறி வந்ததைக் காட்டவே அதை எழுதினார்.

நிசேயாவின் 4-ஆம் விதி, புது பிஷப்பை ஏற்படுத்த மாகாணத்து பிஷப்புகளில் குறைந்தது 3 பேர் நேரில் கூட வேண்டும், மற்றவர்கள் எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்கிறது. மாகாணமெங்கும் பிஷப்புகள் ஏற்கெனவே இருந்தால்தானே இப்படி விதி போட முடியும்?

1947 செப்டம்பர் 27 அன்று நம் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பிஷப் முறையை ஏற்றார்கள். அதற்கு இன்ன விளக்கம்தான் என்று எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. பிஷப் கையால் குருப்பட்டம் பெறாத போதகர்களையும் மறுபட்டம் இன்றியே சேர்த்துக்கொண்டார்கள். அவர்களின் ஊழியம் செல்லாது என்று கடந்த வாரம் வந்த கடிதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்படிக்கு,
சபை வரலாற்று ஆசிரியர்,
கீழ்ப்பாக்கம், சென்னை