வட்டார மக்களுக்கு: அடுத்த ஆண்டுக்கான எனது முன்னுரிமைகள்

அனைவருக்கும் வணக்கம். வவுனியா மாநகர சபையின் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்மொழிவுகளைத் தயாரித்து வருகிறேன். உங்கள் உறுப்பினராக எதை முன்னே வைக்கப்போகிறேன் என்பதை முதலில் உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

வடிகால்தான் முதலாவது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் தூர் அள்ளாவிட்டால் வேறு எந்த வேலையும் நிலைக்காது. வாய்க்காலை ஒட்டிய ஒழுங்கையின் மதகை நேற்றுப் பார்த்தேன். பிளாஸ்டிக் போத்தல்கள், தேங்காய் மட்டை, கிழிந்த உரப்பை எல்லாம் சேர்ந்து முக்கால்வாசிக் குழாயை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. வீட்டுக்குள் வெள்ளம் வரவும் பின்னால் டெங்கு பரவவும் இது போதும். அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகும் வழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். அடுத்த மழைக்கே அது மீண்டும் உள்ளே இறங்கிவிடும். அன்றன்றே ஏற்றிச் செல்ல வேண்டும்.

அடுத்தது, முன்பள்ளிக்குப் போகும் ஒழுங்கைகளுக்கு வீதி விளக்குகள். வாசிகசாலைக்கு நாளிதழ்களும் கேட்பேன்.

ஏ9 வீதியைப் பற்றிப் பலர் எழுதுகிறீர்கள். அது மாநகர சபைக்கு அல்ல, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. அவர்களுக்குக் கடிதம் அனுப்புகிறேன்.

ஆதன வரியை முழு ஆண்டுக்கும் ஜனவரி 31க்குள் செலுத்தினால் வரித் தொகையில் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. தவறவிடாதீர்கள்.

ஞாயிறு மாலை 4 மணிக்குச் சனசமூக நிலையத்தில் கூடுவோம். தாய்மார் கட்டாயம் வாருங்கள். எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்பதை உங்களைப்போல் யாரும் சரியாகச் சொல்லமாட்டார்கள். வர முடியாதவர்கள் அடைபட்ட மதகுகளின் படத்தை, ஒழுங்கையின் பெயருடன் இங்கே அனுப்புங்கள்.