நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு குழந்தைகள் தீவிர சிகிச்சை மருத்துவரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

செப்சிஸோடு (தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினையாற்றி உறுப்புகளைப் பாதிக்கும் உயிராபத்தான நிலை) வரும் குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரம் எங்களுக்கு நிற்க நேரமிருக்காது. கதவோரம் தாய் நிற்பார். குழந்தையை மருத்துவ ஆய்வில் சேர்க்கப் பல பக்கச் சம்மதப் படிவத்தை அப்போது அவரிடம் நீட்ட வேண்டும் என்கிறது விதி. எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடும் நிலையில் இருக்கிறார் அவர். அதைச் சம்மதம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதனால் ஆய்வே வேண்டாம் என்று பல குழுக்கள் மறுத்துவிடுகின்றன. குழந்தையைக் காப்பதாக நினைத்தே மறுக்கிறீர்கள். ஆனால் அதே படுக்கையில், பெரியவர்களிடம் மட்டும் சோதித்த மருந்தை எடைக்கேற்பக் குறைத்து நாங்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதற்கு யாரும் படிவம் கேட்பதில்லை.

ஃபீஸ்ட் ஆய்வை நினைத்துப் பாருங்கள். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வந்த 3,141 குழந்தைகள். நேரமில்லாதபோது பெற்றோரின் வாய்மொழி இசைவு போதும், எழுத்து பிறகு என்று அங்கிருந்த நெறிமுறைக் குழுக்கள் அனுமதித்தன. வேகமாகத் திரவம் ஏற்றினால் பிழைப்பார்கள் என்றே எல்லோரும் நம்பியிருந்தோம். 2011இல் முடிவு வந்தது. சலைனை வேகமாக ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் 10.5 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அப்படி ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். அதைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சை வசதி இல்லை. வென்டிலேட்டர் உள்ள இடத்துக்கு இது அப்படியே பொருந்துமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆய்வு செய்யாமல் அதை எப்படித் தீர்ப்பது?

வழி இருக்கிறது. பிரிட்டனில் ஆக்ஸி-பிக்யூ ஆய்வில் 15 குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,040 குழந்தைகளைச் சேர்த்துவிட்டு, நிலைமை சற்றுத் தணிந்த பின் பெற்றோரிடம் சம்மதம் கேட்டார்கள். ஒப்பிட்டது ஆக்ஸிஜன் அளவின் இரண்டு இலக்குகளை; இரண்டுமே மருத்துவர்கள் ஏற்கெனவே கையாண்டவை. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்காவது பின்சம்மதத்தை அனுமதியுங்கள் என்று கேட்கிறேன். புத்தம்புது மருந்துக்கு நான் இதைக் கேட்கவில்லை. ஆய்வுக்காக ரத்தம் எடுக்கும் அளவிலும் கறாராக இருங்கள்: 3 கிலோ குழந்தையின் உடலில் மொத்தமே சுமார் 240 மில்லிதான் ஓடுகிறது.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. சம்மதம் கேட்கும் முன்பே குழந்தை இறந்துவிட்டால்? அந்தப் பெற்றோரிடம் எப்போது, யார், எந்த வார்த்தைகளில் சொல்வது? சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இதை மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. எங்கள் பிரிவுகளின் கதவோரம் நின்றிருந்த ஒரு தாயையோ தந்தையையோ உங்கள் குழுவில் சேருங்கள். அடுத்த விண்ணப்பத்தை அவர்கள் படித்த பிறகு முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் தீவிர சிகிச்சை மருத்துவர் ஒருவர்