கண்ணுக்கு, பவானியிலிருந்து

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. டாக்காவிலிருந்து நீ அனுப்பிய படங்களுக்கு அப்புறம் ஒரு தகவலும் காணோம். வேலை இருக்கும், தெரியும் சாமி. "இருக்கேன்" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும்.

டாக்கா படகுத்துறை சதர்காட்டில் நீ எடுத்த படத்தைப் பெரிசாகப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். புரிகங்கா ஆற்றில் துடுப்புப் போடுகிற அந்த மனுசர், அவருக்குப் பின்னால் மூன்று மாடி உயரத்துக்கு லாஞ்சு, ஆள் ஏற்றுகிற கப்பல். அவர் கண் மட்டத்துக்கு உன் கேமரா இருக்கிறது. கரையில் நின்று எடுக்காமல் படகில் ஏறி உட்கார்ந்திருக்கிறாய். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் பிள்ளை எடுத்தது என்று.

நம் ஜமக்காளத் தறியைப் படம் எடுக்க எத்தனை பேர் வந்துபோனார்கள்! குழிக்குள் காலை விட்டு நானும் உன் மாமாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். வருகிறவர்கள் நின்றபடியே எடுப்பார்கள். மேலே இருந்து எடுத்தால் நெய்கிறவனின் உச்சந்தலைதான் விழும், முகம் விழாது. தறியில் ஓடும் சிவப்பும் பச்சையும் அழகாக வந்திருக்கும். சிலர் குறுக்கே ஓடும் ஊடை நூலைக் கையில் எடுத்துப் பிடிக்கச் சொல்வார்கள், நெய்யும்போது யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. போனவர்களில் ஒருத்தர்கூட ஒரு பிரதி அனுப்பியதில்லை. அந்தப் படகுக்காரருக்குப் படம் கொடுத்தாயா? கொடுத்திருப்பாய். கொடுக்காவிட்டால் மறுபடி அந்தப் பக்கம் போகும்போது கொடு.

ஜப்பானில் விற்கிற போன்களில் படம் எடுக்கும் சத்தத்தை நிறுத்த முடியாது என்று சொன்னாயே, அது நல்ல ஏற்பாடு. எடுக்கிறார்கள் என்று எதிரே இருப்பவருக்குத் தெரியவேண்டும். பிரான்சு தேசத்துப் போட்டோக்காரர் கார்த்தியே-பிரெசோன் தன் லைக்கா கேமராவின் பளபளப்பு தெரியாமல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு தெருவில் நடந்தார் என்றும் நீதான் சொன்னாய். 1950 ஏப்ரலில் ரமணர் உடல் நீத்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர். பெரிய மனுசர், மறுக்கவில்லை. ஓடுகிற தெருவில் ஒவ்வொருத்தரையும் நிறுத்திக் கேட்க முடியாது, கேட்டால் முகம் மாறிவிடும், அதுவும் சரி. ஆனால் ஒருத்தர் வேலை செய்கிற இடத்துக்குள்ளும் தூங்குகிற இடத்துக்குள்ளும் போனால் உட்கார், டீ கொடுத்தால் குடி, பேரைக் கேள். அப்புறம் எடு.

சாப்பாட்டை விடாதே. கூட்டத்துக்குள் போகாதே.

அந்த ஊர்ப் போட்டோக்காரர் ஷாஹிதுல் ஆலம் பற்றி நீ சொன்னபோது சும்மா கேட்டுக்கொண்டேன். 1998இல் டாக்காவில் போட்டோவுக்கென்றே பள்ளி தொடங்கியவர். 2018இல் மாணவர்கள் சாலைப் பாதுகாப்பு கேட்டுப் போராடியபோது அதைப் பற்றிப் பேசினார் என்று வீட்டிலிருந்தே பிடித்துக்கொண்டு போய் நூறு நாளுக்கு மேல் ஜெயிலில் வைத்தார்கள். ஊர் உலகம் முழுக்கத் தெரிந்தவருக்கே அந்தக் கதி. நீ வேற்றூர்ப் பிள்ளை, கையில் கேமரா வேறு. டிவியில் போலீசும் கல்வீச்சும் காட்டினால் அம்மா எழுந்துபோய் ஆஃப் செய்துவிடுகிறாள். அவள் வெசனத்தை அவள் சொல்லமாட்டாள், நான்தான் எழுதவேண்டியிருக்கிறது. போகத்தான் வேண்டும் என்றால் ஓரமாக நில், திரும்பும் வழியைப் பார்த்து வைத்துக்கொள், எங்கே தங்கியிருக்கிறாய் என்று எனக்கு அனுப்பு. எந்த ஊர், எந்தத் தெரு, அவ்வளவுதான்.

அத்தை வீட்டில் பேசியதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. நீ போன பிறகு இந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இனியும் எடுக்கமாட்டோம். பெரியண்ணன் கேட்டபோதுகூட, "பிள்ளை வேலையாக இருக்கிறாள், நல்ல வேலை" என்று சொன்னேன். அந்தப் படத்தையும் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

ஆடிப்பெருக்குக்குக் கூடுதுறையில் இந்த வருசமும் கூட்டம் இருக்கும். வருகிறாய் என்றால் ரயில் நேரத்தைச் சொல், ஈரோடு ஜங்ஷனில் வந்து நிற்கிறேன். வராவிட்டாலும் சரி, இந்த வாரத்துக்குள் போன் பண்ணு. ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன். அம்மாவிடம் முதலில் பேசு.

உன் அப்பா