சும்மா உட்கார்ந்திருக்கச் சம்பளமா?

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீரும் ஊற்றியாயிற்று என்று படித்த பிறகுதான் நிம்மதி. என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

உங்கள் குடியிருப்பு நீச்சல்குளத்துக் காவல் பையனை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்களாமே? "இதுவரை ஒருத்தரையும் காப்பாற்றவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கச் சம்பளமா" என்று செயலாளர் கேட்டாராம். நல்ல கேள்வி, போ! யாரையும் இழுத்துப் போடும் நிலை வரவில்லை என்றால், ஓடாதே, ஆழத்துக்குப் போகாதே என்று அவன் நாள் முழுக்கக் கத்தியதுதான் காரணமாக இருக்கும்.

மூழ்குகிறவர் சினிமாவில் வருகிற மாதிரி கூச்சல் போடுவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் நொடியில் மூச்சு வாங்கத்தான் நேரமிருக்கும். கையைத் தூக்கி ஆட்டவும் முடியாது. இரண்டு கையும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். பார்த்தால் குழந்தை நின்றபடி விளையாடுவது போலவே தெரியும். 20 முதல் 60 நொடிக்குள் உள்ளே போய்விடும். அதனால்தான் குளத்துக் காவலர்களுக்கு ஒரு கணக்கு சொல்லிக்கொடுக்கிறார்கள்: 10 நொடிக்குள் தன் பகுதி முழுவதையும் கண்ணால் துழாவ வேண்டும், அடுத்த 20 நொடிக்குள் ஆளிடம் போய்ச் சேர வேண்டும். குழந்தைகள் குளிக்கும் நேரத்தில் அவனையே குளோரின் போடவும் நாற்காலி துடைக்கவும் அனுப்பினால் எப்படி?

இங்கே பெசன்ட் நகரிலும் இதே கதைதான். கல்லூரிப் பையன்கள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, அலை அடங்கிய இடமாகப் பார்த்து இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பி ஓடுகிற வழியே பல சமயம் அதுதான். அலை உடையாது, மணல் மட்டும் கலங்கியிருக்கும். அதில் மாட்டிக்கொண்டு நேரே கரையைப் பார்த்து நீந்தினால் சோர்ந்துபோவார்கள். கரையை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்துதான் வெளியே வர வேண்டும். காவலுக்கு நிற்பவர் விசில் ஊதினால், "கால் நனைக்கத்தானே அண்ணே" என்று முறைப்பு வேறு. அதுவும் ஷ்மிட் நினைவுச்சின்னத்துக்கு எதிரேயே! 1930 டிசம்பர் 30 அன்று பிறரைக் காப்பாற்றப் போய் அங்கே மூழ்கிய டென்மார்க் மாலுமிக்குக் கட்டியது அது.

சங்கக் கூட்டத்துக்கு நீ கட்டாயம் போ. செலவுதான் கவலை என்றால் குளம் திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கட்டும். ஆள் இல்லாமல் மட்டும் திறக்க வேண்டாம். செயலாளர் என்ன சொன்னார் என்று எழுது.

அப்புறம், மே மாதம் பேத்தியோடு வருகிறாய் அல்லவா? கோவை எக்ஸ்பிரஸுக்கு இப்போதே டிக்கெட் எடுத்துவிடு. உன் எலுமிச்சை ஊறுகாயும் வரட்டும்.

அன்புடன்,
கோமதி