மினியாப்பொலிஸ் தமிழ்க் குடும்பங்களுக்கு: போலீஸ் ஒப்பந்தத்தின் பின்பக்கங்களையும் படியுங்கள்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே,

2024 கோடையில் நம் நகரமன்றம் போலீஸ் யூனியனோடு புது ஒப்பந்தம் போட்டபோது, நம் வாட்ஸ்அப் குழுக்களில் பேசப்பட்டது ஒரே ஒரு எண்தான்: மூன்றாண்டில் 21.7 சதவீதச் சம்பள உயர்வு. "வீட்டு வரி இன்னும் ஏறும்" என்றார் ஒருவர். "ஆளே இல்லையே, கொடுத்துத்தான் ஆகணும்" என்றார் இன்னொருவர். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் சம்பளப் பக்கத்தைத் தாண்டி யாரும் போகவில்லை. அந்த ஒப்பந்தம் 2025 இறுதிவரைக்குமானது. அதற்கு அடுத்ததிலாவது ஒழுங்கு நடவடிக்கை விதிகள் இருக்கும் பின்பக்கங்களையும் படித்துவிட்டுப் பேசுவோம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா தென்மாவட்டம் ஒன்றில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். அப்பத்தா இறந்த அன்று அவருக்குத் திருவிழா பந்தோபஸ்து. லீவு கேட்டார், கிடைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் வீட்டுக்கு வந்து மொட்டை போட்டார். அவருக்காகப் பேசச் சங்கம் கிடையாது. 1966-இல் வந்த மத்தியச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் போலீஸ்காரர் தொழிற்சங்கத்தில் சேர முடியாது. 1979-இல் தமிழ்நாட்டுப் போலீஸ்காரர்கள் சங்கம் கேட்டுப் போராடியதை அப்பா இன்றும் குரல் உயர்த்தித்தான் பேசுவார். அதனால் போலீஸ்காரருக்கு யூனியன் கூடாது என்று என் வாயால் வராது. சம்பளம், லீவு, ஷிஃப்ட், ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அவர்கள் பேரம் பேசட்டும். ஒரு மனிதரை அடித்த போலீஸ்காரரை எப்படி விசாரிப்பது என்பதும் அதே பேரத்தில் வருவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அது எப்படி உள்ளே வந்தது? கஜானா இறுகிய காலங்களில், கேட்ட சம்பளத்தைக் கொடுக்க முடியாத நகரங்கள் அதற்குப் பதிலாக ஒழுங்கு நடவடிக்கை விதிகளை விட்டுக்கொடுத்தன. அன்றைக்கு அதற்குக் காசு செலவில்லை. பல ஊர்களில் விசாரணைக்கு முன் இத்தனை மணி நேர அவகாசம், இத்தனை ஆண்டு ஆனால் பழைய தண்டனைப் பதிவை அழித்துவிட வேண்டும், பெயர் சொல்லாத புகாரை எடுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. 2017-இல் ஒரு சட்ட ஆய்வு அமெரிக்காவின் 178 போலீஸ் ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்தது. அவற்றில் 156-இல் இப்படி ஒரு விதியாவது இருந்தது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது நடுவர் முறை. ஒரு போலீஸ்காரரைத் தலைமை அதிகாரி வேலையை விட்டு நீக்குகிறார் என்று வையுங்கள். யூனியன் முறையீடு செய்யும். வெளியிலிருந்து ஒரு நடுவர் வருவார். அவர் தீர்ப்பு நகரத்தைக் கட்டுப்படுத்தும். நடுவர் பார்க்கிற முக்கியமான விஷயம் ஒன்று: இதே தப்புக்கு இதற்கு முன் என்ன தண்டனை கொடுத்தீர்கள்? பத்து வருஷமாகக் கண்டித்து மட்டும் விட்டிருந்தால், இப்போது நீக்கியது அதிகம் என்று ஆகிவிடும். நேற்றைய மெத்தனம் நாளைய கவசமாகிறது. புதிதாக ஒரு தலைமை அதிகாரி வந்து கறாராக இருக்க நினைத்தாலும், முன்னால் இருந்தவர்கள் காட்டிய மெத்தனம் அவர் கையைப் பிடிக்கும்.

பக்கத்து ஊர் ரிச்ஃபீல்டில் இதுதான் நடந்தது. 2015-இல் ஒரு போலீஸ்காரர் சோமாலிய அமெரிக்க இளைஞர் ஒருவரைத் தலையில் அறைந்தார், அதை அவர் முறைப்படி மேலிடத்துக்குத் தெரிவிக்கவும் இல்லை. ரிச்ஃபீல்டு அவரை நீக்கியது. நடுவர் மூன்று நாள் சஸ்பென்ஷன் போதும் என்று திரும்ப வேலைக்கு அனுப்பினார். வழக்கு மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றம்வரை போனது. 2019-இல் அங்கும் நடுவர் தீர்ப்பே நின்றது. நாடு முழுக்கப் பார்த்தால், பெரிய போலீஸ் துறைகள் 2006-க்குப் பிறகு நீக்கிய 1,881 பேரில் 451 பேர் முறையீட்டால் வேலைக்குத் திரும்பினார்கள் என்று வாஷிங்டன் போஸ்ட் 2017-இல் கணக்கெடுத்தது. பிளிமத், ஈடன் பிரெய்ரி என்று புறநகர்களில் வீடு வாங்கிப் போன நண்பர்களே, இது மினியாப்பொலிஸ்காரர் பிரச்சினை என்று ஒதுங்காதீர்கள். ஒப்பந்தம் உங்கள் ஊரிலும் இருக்கிறது.

2020 மே 25 மாலை நம் எல்லோருக்கும் தெரியும். 38-ஆம் தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கும் இடம், ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் 9 நிமிடம் 29 விநாடி இருந்த முட்டி. நான் திரும்பத் திரும்ப நினைப்பது அங்கே இருந்த மற்ற மூன்று போலீஸ்காரர்களில் புதியவர்களான இரண்டு பேரை. தனியாகப் பணியில் இறங்கி அது அவர்களுக்கு முதல் வாரம். முட்டியை வைத்த டெரெக் சாவின் 2001-இலிருந்து துறையில் இருந்தவர். அவர்மேல் குறைந்தது 17 புகார்கள் வந்திருந்தன, எழுத்துக் கண்டனத்துக்கு மேல் எதுவும் போகவில்லை. அப்படிப்பட்டவரைத்தான் புதியவர்களுக்குக் களப்பயிற்சி கொடுக்கும் அதிகாரியாகத் துறை வைத்திருந்தது. அந்த இருவரில் ஒருவர் அவரிடமே பயின்றவர். இன்னொருவர், "ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா?" என்று கேட்டார். மூத்தவர் வேண்டாம் என்றார். அதோடு முடிந்தது. பின்னால் இருவரும் சிறைக்குப் போனார்கள்.

அவர்கள் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் போலீஸ்காரர் மகளாக ஒன்று கேட்கிறேன். பழைய புகார்களில் ஒன்றையாவது உருப்படியாக விசாரித்து, பயிற்சி கொடுக்கும் பொறுப்பையாவது பறித்திருந்தால், அந்தப் பையன்கள் யாரைப் பார்த்து வேலை கற்றிருப்பார்கள்? தண்டனை தளர்ந்தால் போலீஸ்காரருக்கு நல்லது என்கிறார்கள். யாருக்கு நல்லதாக இருந்தது? ஃபிளாய்ட் போய்விட்டார். நகரம் அவர் குடும்பத்துக்குக் கொடுத்த 27 மில்லியன் டாலரில் உங்கள் காசும் என் காசும் இருக்கிறது.

நம் ஊர்த் துறையில் 'கோச்சிங்' என்று ஒரு சொல் உண்டு. சிறு மீறல் என்றால் மேலதிகாரி அழைத்துப் பேசிவிட்டு முடித்துவிடுவார். அது தண்டனை ஆகாது என்பது நகரத்தின் நிலை. தண்டனையில் முடிந்த புகாரைத்தான் மாநிலச் சட்டம் பொதுமக்களுக்குத் திறக்கிறது. ஆகவே கோச்சிங்கில் முடிந்த புகார் வெளியே தெரியாது.

பயிற்சியிலும் யூனியனின் கை உண்டு. 2016-இல் பக்கத்து ஊர் ஃபால்கன் ஹைட்ஸில், காரை நிறுத்திச் சோதித்தபோது ஃபிலாண்டோ கஸ்டீலைச் சுட்டுக் கொன்ற போலீஸ்காரர், எவரையும் ஆபத்தாகவே பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் 'போர்வீரர்' பயிற்சிக்குப் போய்வந்தவர். 2019-இல் மேயர் ஜேக்கப் ஃப்ரே அந்த வகைப் பயிற்சிக்குத் தடை போட்டார். யூனியன் அதை உறுப்பினர்களுக்கு இலவசமாகவே தருவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு மாநிலச் சட்டம் வந்து தடுக்க வேண்டியிருந்தது. அதே 2020 சட்டம் நடுவர் விஷயத்திலும் ஒரு நல்லது செய்தது. முன்பு இரு தரப்பும் பட்டியலில் பெயர்களை அடித்து அடித்து ஒருவரைத் தேர்ந்தார்கள். அடுத்த வழக்கும் வேண்டுமென்றால் நடுவர் இருவரையும் அனுசரித்துத்தான் போக வேண்டும். இப்போது போலீஸ் வழக்குகளுக்கென்றே நியமித்த குழுவிலிருந்து முறைவைத்து வருகிறார்கள். பழைய தண்டனைகளோடு ஒப்பிடும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆள் பற்றாக்குறை உண்மை. தொள்ளாயிரம் பேர் அளவில் இருந்த துறை அறுநூறுக்குக் கீழே போனது. அவசரத்தில் ஆள் எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். வர்ஜீனியாவில் போலீஸ்காரராக இருந்தபோது ஒருவர்மேல் டேசர் என்ற மின்னதிர்ச்சிக் கருவியைப் பயன்படுத்தியதற்காக வழக்கைச் சந்தித்து விடுதலையான ஒருவரை 2023-இல் இங்கே வேலைக்கு எடுத்திருந்தது செய்தியானது. தலைமை அதிகாரியே கவலை தெரிவித்தார். தகுதிகாண் காலத்தில் ஒருவரை அனுப்புவது எளிது. அது முடிந்துவிட்டால் முன்னே சொன்ன நடுவர் பாதைதான். அதனால் நல்ல சம்பளம் கொடுங்கள் என்றே நானும் சொல்கிறேன். கொடுக்கிற ஒவ்வொரு டாலருக்கும், கைவிட்ட ஒரு விதியைத் திரும்பக் கேளுங்கள் என்றும் சொல்கிறேன்.

அடுத்த ஒப்பந்தம் மன்றத்துக்கு வரும்முன் உங்கள் வார்டு உறுப்பினருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். களப்பயிற்சி அதிகாரியாக யார் ஆகக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். கோச்சிங்கில் முடிந்த புகார்களின் கதி என்ன, இனி கடுமையாக இருப்போம் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் அறிவித்துப் பழைய ஒப்பீட்டை முறிக்க நகரம் என்ன செய்தது என்று கேளுங்கள். மன்றம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் வைத்தால் வாருங்கள். நான் போவேன். ஆங்கிலத்தில் தயங்குகிற பெரியவர்கள் யாராவது பேச விரும்பினால் எனக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறேன்.

அன்புடன்,
ஓர் ஏட்டையாவின் மகள், தெற்கு மினியாப்பொலிஸ்