"மண்தானே" என்றார்கள்: பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர், பதிவாளர், பராமரிப்புப் பிரிவு அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம். கோடை விடுமுறையில் எங்கள் துறையின் குளிரறையில் ஏசி அணைக்கப்பட்டு, நான் ஆய்வுக்காக வைத்திருந்த ஆறு குழாய் ஏரி வண்டலும் வெளியே கொட்டப்பட்டது தங்களுக்குத் தெரியும். இதுவரை மூன்று கடிதங்கள் கொடுத்திருக்கிறேன். மூன்றிலும் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தித் தந்திருக்கிறீர்கள். அதனால் நடந்ததை மறுபடி முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. போன வாரம் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த பதிலைப் பற்றித்தான் இந்த மடல். "மண்தானேம்மா, மறுபடி போய் எடுத்துக்கோங்க" என்றார் அங்கிருந்த அதிகாரி. அவர் கோபத்தில் சொல்லவில்லை, ஆறுதலுக்காகத்தான் சொன்னார். ஒரு வாரமாக அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை.

மறுபடி எடுக்க முடியாது ஐயா. ஏன் முடியாது என்பதை அன்றைக்கு அங்கே நின்றபடி என்னால் சொல்ல முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. இப்போது எழுதுகிறேன்.

அந்த ஆறு குழாய்களும் இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு கிராமத்து ஏரியில் எடுத்தவை. அந்த ஏரியில் மதகுக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு. சித்திரை வெயிலிலும் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வற்றிய ஏரி எங்களுக்கு உதவாது. தரை பாளம் பாளமாக வெடித்துவிட்டால் மேல் மண் வெடிப்புக்குள் விழுந்து கீழ் மண்ணோடு கலந்துவிடும், எது எந்தக் காலத்தது என்று அப்புறம் பிரிக்கவே முடியாது. வற்றாத இடம் தேடி நான்கைந்து ஏரிகளில் அலைந்த பிறகு, இந்தப் பள்ளத்தைக் காட்டியவர் அந்த ஊர் நீர்க்கட்டிப் பெரியவர். ஐம்பது வருடமாக அந்த மதகைத் திறந்து மூடுகிறவர்.

மூங்கிலில் முக்காலி கட்டி, செயின் பிளாக் மாட்டி, மூன்று அங்குல பிவிசி குழாயின் தலையில் மரக்கட்டை வைத்துச் சம்மட்டியால் அடித்து இறக்கினோம். முழுக்க இறங்கியதும் மேல் வாயைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டு இழுக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் வண்டல் நழுவாமல், அடுக்குக் கலையாமல் மேலே வரும். ஒரு குழாய்க்கு ஒரு பகல் போனது. இரண்டு முனையிலும் மூடி போட்டு, டேப் சுற்றி, மேல் பக்கம் எது என்று அம்புக்குறி போட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு வந்தோம். படுக்க வைத்தால் மேலே இருக்கும் இளகிய சேறு சரிந்துவிடும்.

நாங்கள் கோர் என்று சொல்வது இப்படி எடுத்த வண்டலைத்தான். ஒவ்வொரு மழைக்கும் ஏரிக்கு வரும் நீர் கொஞ்சம் மண்ணைக் கொண்டுவந்து படிய வைக்கிறது. பெருவெள்ளம் வந்த வருடம் மணல் பருமனாக இருக்கும். கரையோரம் என்ன மரம் இருந்தது, வயலில் என்ன விளைந்தது என்பதை மகரந்தத் துகள்கள் சொல்லும். காடோ புதரோ எரிந்திருந்தால் கரித்தூள் இருக்கும். தண்ணீர் நன்னீரா, உப்பு ஏறியதா என்பதை டயட்டம் என்ற நுண்பாசியின் ஓடுகள் காட்டும். அடியிலிருந்து மேலே வர வர, பழைய வருடத்திலிருந்து புதிய வருடத்துக்கு வருகிறோம்.

நான் தேடியது தாது வருடம். 1876-78 பஞ்சம். அந்த நீர்க்கட்டிப் பெரியவரின் பாட்டி தன் மாமியாரிடம் கேட்ட கதை ஒன்று அவரிடம் இருந்தது: அந்த வருடம் மதகுப் பள்ளமும் வற்றி, ஏரிக்குள் கிணறு தோண்டினார்களாம். அது உண்மையானால் குழாயின் அடிப்பகுதியில் ஓர் இடத்தில் மண் காய்ந்து வெடித்து இறுகிய தடம் இருக்க வேண்டும். சென்னை மாகாணத்தின் பஞ்சத்தைப் பற்றி வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிய அறிக்கைகள் இருக்கின்றன. ஓர் ஏரி தன் கணக்கில் எழுதி வைத்ததைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆய்வு.

ஆறு குழாய்களையும் இரண்டு வருடமாக ஏன் திறக்காமல் வைத்திருந்தீர்கள் என்றும் கேட்டார்கள். அதற்கான பதில் தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. வண்டலின் வயதைக் கணக்கிட ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தை அளக்க வேண்டும். மழையோடு வானத்திலிருந்து இறங்குவது அது. அதன் அரை ஆயுள், அதாவது இருக்கும் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 22 ஆண்டு. ஆறேழு அரை ஆயுள் போனால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. தாது வருடத்துக்கு இன்றைக்கு ஏறக்குறைய 150 ஆண்டு, அந்த எல்லையின் விளிம்பில் நிற்கிறது. தள்ளிப் போடும் ஒவ்வொரு வருடமும் அந்த அடுக்கின் வயதைச் சொல்லும் சாட்சி தேய்ந்துகொண்டே போகிறது. இந்த அளவீட்டுக்கான பணம் கேட்டு நான் வைத்த கோப்பு பதினான்கு மாதமாக மேசை மாறிக்கொண்டிருக்கிறது. அளக்க நாள் குறிக்காமல் குழாயைப் பிளக்கக் கூடாது. பிளந்த உடனே காற்றுப் பட்டு மாறத் தொடங்கிவிடும். அதனால்தான் 4 டிகிரி குளிரில், இருட்டில், மூடி திறக்காமல் காத்திருந்தேன்.

மே மாதம் மின்சாரச் சிக்கனத்துக்காக 'அவசியமற்ற' ஏசிகளை நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. எங்கள் குளிரறைக்குத் தனி மின் இணைப்பு கிடையாது, பக்கத்துக் கருத்தரங்கக் கூடத்தின் ஏசி இணைப்பில்தான் அதுவும் ஓடுகிறது. கூடத்தை அணைத்தபோது அதுவும் அணைந்தது. பத்தொன்பது நாள். வெளியே கத்திரி வெயில்.

அதோடு நின்றிருந்தால்கூட நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சூட்டில் ஈரம் போய் வண்டல் சுருங்கியிருக்கும், கறுப்பு அடுக்குகள் பழுப்பேறியிருக்கும், பூஞ்சை பிடித்து இன்றைய கரிமத்தைப் பழைய மண்ணில் ஏற்றியிருக்கும். கார்பன் கணக்கும் நுண்ணுயிர்க் கணக்கும் போயிருக்கும். ஆனால் ஈயம்-210 வெயிலுக்கு அசையாது. மகரந்தத்தின் ஓடு லேசில் அழியாது. மணலின் பருமன் மாறாது. குழாய்களை அப்படியே மூலையில் சாத்தி வைத்திருந்தாலே பாதி ஆய்வைக் காப்பாற்றியிருப்பேன். விடுமுறை முடிந்து வந்தபோது அறை கழுவித் துடைத்திருந்தது. வண்டலைத் தட்டி எடுத்து நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் இருக்கும் பூச்செடிப் பாத்தியில் போட்டுவிட்டு, குழாய்களைக் காயலான் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். இதைச் செய்த தொழிலாளர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டது 'நாற்றம் வருகிறது, காலி பண்ணுங்கள்' என்பதுதான். மண் எங்கே போனது என்று எனக்குச் சொன்னதே அவர்களில் ஒருவரான ஓர் அக்காதான். "குழாய் மேல கையெழுத்தெல்லாம் இருந்துச்சேம்மா, கேட்டுட்டுச் செய்யலாம்னு சொன்னேன்" என்றார். அவரிடம் ஒரு நிமிடம் நின்று கேட்டிருந்தால் போதும்.

சரி, மறுபடி எடுக்க ஏன் முடியாது? அந்த ஏரி போன கோடையில் தூர் வாரப்பட்டுவிட்டது. விவசாயிகள் வயலுக்கு வண்டல் அள்ளிக்கொள்ள அரசு அனுமதி கொடுக்கிறது. அது நல்ல காரியம், அந்த மண் நெல்லுக்கும் கரும்புக்கும் போக வேண்டியதுதான். மதகுப் பள்ளத்தில்தான் அதிகம் படிந்திருந்தது, அங்கேதான் முதலில் இயந்திரம் இறங்கியது. இப்போது அங்கே அடித்தரையான செம்மண் தெரிகிறது. அந்தப் பள்ளத்தின் நூற்றைம்பது வருடக் கணக்கு உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சம் இருந்தது. அது நம் குளிரறை.

இரண்டு வாரம் முன்பு அந்தப் பெரியவர் போன் செய்தார். "பாப்பா, எங்க பாட்டி சொன்னது நெசம்தானா, பாத்தியா?" என்று கேட்டார். அவருக்கு எண்பது வயதை நெருங்குகிறது. இன்னும் பார்க்கவில்லை தாத்தா என்று சொல்லி வைத்துவிட்டேன். இனிமேல் பார்க்கவே முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் என்ன சொல்வது என்பதைத் தாங்களாவது எனக்குச் சொல்லுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். கோர்களுக்கென்று தனி மின் இணைப்பும் ஜெனரேட்டர் இணைப்பும் உள்ள ஒரு நிரந்தரக் குளிரறை வேண்டும். அதில் உள்ள ஒவ்வொரு குழாய்க்கும் பதிவேட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். ஆய்வாளரும் நெறியாளரும் கையெழுத்திடாமல் ஒரு பிடி மண்கூட வெளியே போகக் கூடாது.

இது அதிகப்படியான கோரிக்கை என்று தோன்றினால், மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று தயவுசெய்து பாருங்கள். அமெரிக்காவில் லமாண்ட் நிலவியல் ஆய்வகத்தை நிறுவிய மாரிஸ் யூயிங், வீமா என்ற தன் கப்பல் எங்கே போனாலும் தினமும் ஒரு கோர் எடுத்தாக வேண்டும் என்று விதி வைத்திருந்தார். அன்றைக்கு அது யாருக்குத் தேவை என்று அவருக்கே தெரியாது. எடுத்ததை வைத்துக் காப்பாற்றினார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எடுத்து இப்படிக் கிடங்குகளில் காத்திருந்த இரண்டு கோர்களை வைத்துத்தான் 1976-இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களே பனியுகங்களின் தாளத்தைத் தீர்மானிக்கின்றன என்று காட்டினார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் அது இருக்கிறது, நம் வகுப்பறைகளில் அதைத்தான் நடத்துகிறோம்.

2014-15-இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் நம் வங்கக் கடலில் துளையிட்டு எடுத்த கோர்கள் ஜப்பானின் கோச்சி நகரத்துக் கிடங்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆய்வுக்குக் கொடுத்துவிட்டு மறுபாதியைப் பிற்காலத்துக்கென்று கை வைக்காமல் பாதுகாக்கிறார்கள். நம் பருவமழையின் வரலாறு அங்கே பத்திரமாக இருக்கிறது. நம் ஊர் ஏரியின் வரலாறு நம் வளாகத்திலேயே பூச்செடிக்கு உரமாகிவிட்டது.

விபத்து எங்கும் நடக்கும் என்பது எனக்கும் தெரியும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 2017 ஏப்ரலில் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி, ஆர்க்டிக் பனிக்கட்டிக் கோர்களில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு உருகிப் போனது. அவர்கள் அதை மறைக்கவில்லை. என்ன போனது, எவ்வளவு போனது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். எனக்கு இன்றுவரை எழுத்தில் ஒரு வரி பதில் வரவில்லை. வருத்தம் தெரிவிக்கக்கூட வேண்டாம், ஆறு கோர்கள் அழிந்தன என்று ஓர் ஆவணத்தில் எழுதித் தாருங்கள். அது இல்லாமல் என் ஆய்வுக்காலத்தை நீட்டிக்கக் கேட்கும் விண்ணப்பத்தைக்கூட என்னால் கொடுக்க முடியவில்லை. உதவித்தொகை இன்னும் நான்கு மாதத்தில் நின்றுவிடும்.

கருவி வாங்கப் பணம் வருகிறது, ரிப்பன் வெட்டி, கல்வெட்டுப் பதித்துத் திறந்து வைக்கிறோம். அடுத்த வருடம் அதைப் பராமரிக்கப் பணம் கேட்டால் அதற்கு நிதிக் கணக்கில் தலைப்பு இல்லை என்கிறார்கள். எங்கள் துறையில் மட்டுமல்ல, உயிரியல் துறையில் விதைகள் போயிருக்கின்றன, வேதியியலில் மாதிரிகள் போயிருக்கின்றன. யாரும் எழுதவில்லை, நெறியாளருக்குச் சிக்கல் வரும் என்று பயப்படுகிறார்கள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஊரில் அப்பா, "படிப்பை முடிச்சிட்டு அப்புறம் சண்டை போடு" என்கிறார். நான் சண்டை போடவில்லை. கேட்க வந்ததைவிட்டு வேறெங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்.

இழந்ததைத் தாங்கள் திருப்பித் தர முடியாது, அதைக் கேட்கவும் இல்லை. நீலகிரியின் சதுப்பு மண்ணில் இருந்த கார்பனை வைத்து, அங்கே காடும் புல்வெளியும் 20,000 ஆண்டுகளாக மாறி மாறி வந்த கதையை 1993-இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த அளவு வேலையை நம் மாணவர்களும் செய்ய முடியும். மண்ணை எடுத்துவர எங்களுக்குக் கை இருக்கிறது, அதை வைக்க ஓர் இடம்தான் இல்லை. தனி மின் இணைப்புள்ள ஒரு குளிரறை, ஒரு பதிவேடு, இரண்டு கையெழுத்து. இதைத்தான் மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அவசரத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. என் தோழி மன்னார் வளைகுடாவில் எடுத்த மூன்று கோர்கள், அந்த மே மாதம் வேறொரு துறையில் அளவீட்டுக்காகப் போயிருந்ததால் தப்பித்தன. இப்போது அவை விலங்கியல் துறையின் மருந்துக் குளிர்பெட்டியில், கதவு முழுதாக மூடாமல், கயிறு கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை ஐந்தாம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வு மாணவி