அவிழ்ந்த லேஸ்

அன்புள்ள நண்பா,

முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாமே, நிம்மதி. கொஞ்ச நாளைக்கு மாடிப்படியில் வீரத்தைக் காட்டாதே.

நான் பயிற்சி கொடுக்கிற கால்பந்துப் பையன்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். சுமார்தான். அதைவிட வேறொன்று சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு நாள் பயிற்சி முடிந்து எல்லோரும் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தன் தோழியின் போன் பாஸ்வேர்டைக் கறந்துவிட்டதாகக் கேப்டன் பெருமையடித்தான். "யார்கூடப் பேசறான்னு தெரியணும்ல?" எல்லோரும் சிரித்தார்கள். கோல்கீப்பர் மட்டும் குனிந்து லேஸை அவிழ்த்துக்கொண்டே இருந்தான். அது எப்போதோ அவிழ்ந்துவிட்டது. நானும் விசில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் அந்த லேஸ்தான் கண்ணில் நின்றது. அவனுக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் இருவருமே வாய் திறக்கவில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். 1993-இல் பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜாக்சன் காட்ஸ் என்பவர் விளையாட்டு வீரர்களை வைத்து ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார். "பெண்களை அடிக்காதே" என்றால் எந்தப் பையனும் "நானா அடிக்கிறேன்?" என்று காதைப் பொத்திக்கொள்வான். அவர் கேள்வியையே திருப்பிவிட்டார்: உன் அணிக்காரன் ஒருத்தியை மிரட்டுகிறான், நீ பக்கத்தில் நிற்கிறாய், என்ன செய்வாய்? இதற்குப் பதில் சொல்லாமல் நழுவ முடியாது. நன்றாக ஆடுகிறவன் "விடுடா" என்றால் மற்றவர்கள் கேட்கவும் செய்வார்கள்.

பிறகு கலிபோர்னியாவில் 16 உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. அவற்றில் சில பள்ளிகளில் பயிற்சியாளரே சீசன் முழுவதும் வாரம் ஒரு முறை 10, 15 நிமிடம் இதைப் பற்றிப் பேசுவார், அவ்வளவுதான். சீசன் முடிந்தபோது அங்கே தட்டிக்கேட்கிற பையன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பேச்சு நடக்காத பள்ளிகளைவிட இங்கே தோழிகளைத் துன்புறுத்துவதும் குறைந்திருந்தது. மும்பையில் கிரிக்கெட் பயிற்சியாளர்களை வைத்து இதையே 'பரிவர்தன்' என்ற பெயரில் செய்தார்கள்.

சரி, நாமும் பேசுவோம் என்று உட்காரவைத்தேன். "உண்மையான ஆம்பளை கை ஓங்க மாட்டான்" என்ற வசனத்தை மட்டும் தொடவில்லை. அந்த ஆம்பளைப் பெருமையில்தானே வினையே. பெண்களை மட்டம் தட்டுகிற பேச்சைக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று தொடங்கினேன். கோல்கீப்பர் கையைத் தூக்கினான். "சார், போன வாரம் நீங்க என்னை 'பொண்ணு மாதிரி பயப்படாதடா'ன்னு கத்துனீங்களே, அது?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் "தப்புதான்" என்றேன். அதன் பிறகுதான் பையன்கள் பேசவே ஆரம்பித்தார்கள். கேப்டன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் கோல்கீப்பர் தனியாகப் பேசியதாகக் கேள்வி, என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் வேறு. நம் அணியில் இடது விங்கில் ஆடினவனை நினைவிருக்கிறதா? ஒரு நாள் அவன் மனைவி உதடு வீங்கி மைதானத்து கேட்டில் நின்றாள். நாம் எல்லோரும் பார்த்தோம். அவனைப்போல் கிராஸ் போட ஆள் இல்லை என்று பந்தை அவனுக்கே தட்டிவிட்டோம்.

அவள் இப்போது எங்கே இருக்கிறாள், உனக்குத் தெரியுமா?

உன் நண்பன்